ஃபுல்லர்ட்டனை ஹோட்டல் காப்பாற்றியதா? கூரை மாடத்தைக் கேளுங்கள்

தபால்காரர் மகன்:
மரினா குமரன் நேற்று ஒரு படம் போட்டு, "ஹோட்டல் மட்டும் வராமல் இருந்திருந்தால் ஃபுல்லர்ட்டன் கட்டடம் எப்போதோ தரைமட்டமாகியிருக்கும், ஹோட்டல்தான் அதைக் காப்பாற்றியது" என்று எழுதியிருந்தார். ஆளாளுக்குக் கைதட்டியிருக்கிறீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. சிங்கப்பூர் ஆற்று முகத்தில் 1928-ல் திறந்த கட்டடம் அது. 1996 வரை ஜிபிஓ, அதாவது தலைமைத் தபால் நிலையம், அங்கேதான் இருந்தது. என் அப்பா அங்கே தபால் பிரித்தவர். உள்ளே ஏறக்குறைய 300 அடி நீளத்துக்குக் கவுண்டர் ஓடும். சம்பளம் வந்த வாரம் ஊருக்கு மணியார்டர் அனுப்ப நம் ஆட்கள் வந்து நிற்பார்கள். படிவம் எழுதத் தெரியாதவர்களுக்கு அப்பா சாப்பாட்டு நேரத்தில் எழுதிக் கொடுப்பார். புதிதாகக் கல்யாணம் ஆனவன் மனைவி பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு அம்மா பெயரையே போடச் சொல்வானாம். இன்று அந்தத் தளத்தில் போஸ்ட் பார் என்ற ஹோட்டல் மதுக்கூடம். அது கூடப் போகட்டும். கூரை மேலே கலங்கரை விளக்கம் இருந்ததே, கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் தொலைவில் வரும் கப்பலுக்குத் துறைமுகத்தைக் காட்டிய விளக்கு, அந்த மாடத்தில் இத்தாலியச் சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். இதற்குப் பெயர் காப்பாற்றுவதா?

மரினா குமரன்:
ஐயா, வணக்கம். ஒரே ஒரு வருடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 1979. அந்த விளக்கு 1958-ல் வைக்கப்பட்டது, 1979-ல் நிறுத்தப்பட்டது. சுற்றிலும் உயரமான கட்டடங்கள் எழும்பிக் கடலை மறைத்துவிட்டன. ஹோட்டல் திறந்தது 2001 ஜனவரி 1. இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. அணைந்துபோன விளக்குக்கு ஹோட்டலைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்?

தபால்காரர் மகன்:
விளக்கை யார் அணைத்தது என்று நான் கேட்கவே இல்லை. அந்த மாடம் இன்று யாருக்கு என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தேக்கா அக்கா:
குமரன், இதே ஊரில்தான் ஸ்டாம்ஃபோர்டு ரோட்டில் இருந்த தேசிய நூலகத்தை 2004-ல் மூடி, சுரங்கப் பாதை போட வேண்டும் என்று இடித்தார்கள். சிவப்புச் செங்கல் கட்டடம். மக்கள் எவ்வளவு எழுதினார்கள், எவ்வளவு கேட்டார்கள். அதனால் "தரைமட்டமாகியிருக்கும்" என்று நீங்கள் எழுதியது நடக்க முடியாத விஷயம் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மருந்து ஹோட்டல் ஒன்றுதானா? கேவனா பாலத்தைத் தாண்டி அந்தக் கரைக்குப் போங்கள். எம்ப்ரஸ் பிளேஸில் இருப்பதும் வெள்ளைக்காரன் காலத்து அரசாங்க அலுவலகம்தான். அது 2003-ல் ஆசிய நாகரிக அருங்காட்சியகம் ஆனது. பழைய உச்ச நீதிமன்றமும் சிட்டி ஹாலும் சேர்ந்து 2015-ல் தேசியக் கலைக்கூடம் ஆயின. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போகிறார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் மட்டும் ஏன் படுக்கை அறைகள்?

மரினா குமரன்:
அக்கா, எல்லாவற்றையும் அருங்காட்சியகமாக்கினால் உள்ளே வைக்கப் பொருள் எங்கே, பராமரிக்கப் பணம் எங்கே? நான் பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலையில் இருப்பவன், அதனால் சொல்கிறேன். அலுவலகக் கட்டடத்தில் ஒரு மாடிக்கு இரண்டு மூன்று கழிவறை இருந்தால் போதும். ஹோட்டல் என்றால் அறைக்கு ஒன்று. அங்கே 400 அறைகள். அத்தனைக்கும் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், ஏர்கான், தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் பழைய சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் வெளியே தெரியாமல் ஓட வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் ஜன்னல் வேண்டும், ஆனால் வெளிச் சுவரில் புதிதாக ஒரு ஜன்னல் கூடக் குத்தக் கூடாது. வெளியே இருந்து பாருங்கள், டோரிக் என்ற கிரேக்க பாணித் தூண் வரிசை அப்படியே நிற்கிறது. தபால் கூடத்தின் கூரை வேலைப்பாடும் தூண்களும் அந்த பாரில் இருக்கின்றன. 2001-ல் கட்டட மரபுடைமை விருது கிடைத்தது. 2015-ல் தேசிய நினைவுச்சின்னம் என்று அறிவித்தார்கள், 71-வது. அலுவலகமாக இருந்த அத்தனை ஆண்டும் அந்தப் பட்டம் வரவில்லை, ஹோட்டலான பிறகுதான் வந்தது. மாடத்தைப் பற்றி மறுபடியும் சொல்கிறேன்: 1979.

தபால்காரர் மகன்:
விருதுப் பட்டியலை யார் கேட்டார்கள்? தூண் நிற்கிறது, கூரை நிற்கிறது என்று கணக்குக் காட்டுகிறீர்கள். தூணுக்கு முன்னால் கையில் கடிதத்தோடு நின்ற ஆள் எங்கே? சிங்கப்பூரில் தூரத்தையே அந்தக் கட்டடத்திலிருந்துதான் அளந்தார்கள் ஐயா. மைல் கணக்கு அங்கே பூஜ்யத்தில் தொடங்கும். ஊர் முழுவதற்கும் தொடக்கப் புள்ளியாக இருந்த இடத்தில் இன்று அறை வாடகை கட்ட நம்மில் எத்தனை பேரால் முடியும்? எல்லாவற்றையும் விடுங்கள், நான் கேட்டது மாடத்தைப் பற்றி. 1979-ல் விளக்கு அணைந்தது, சரி. அணைந்த விளக்கையாவது அங்கேயே விட்டிருக்கலாமே? அது செந்தோசாவில் கடல் அருங்காட்சியகத்துக்கு முன்னால் நின்றது, அப்புறம் ஹார்பர்ஃபிரன்ட் பக்கம் போய்விட்டது. கட்டடம் ஒரு இடத்தில், அதன் விளக்கு வேறொரு இடத்தில். அந்த மாடத்துக்கு லைட்ஹவுஸ் என்ற பெயரையும் வைத்துக்கொண்டு உள்ளே மேசை போட்டார்கள். பெயர் வேண்டும், விளக்கு வேண்டாம்.

மவுண்ட்ரோடு மணி:
சென்னையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. எங்கள் மவுண்ட் ரோட்டில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் இருக்கிறது. 1897-ல் கட்டியது. கூம்பும் கோபுரமுமாக எப்படி இருந்த கட்டடம் தெரியுமா? 2006-ல் இடிக்கத் தொடங்கி, வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் நிறுத்த முடிந்தது. நின்றதோடு சரி. சுவரில் அரசமரம் முளைத்துக் கிடக்கிறது. அதை யாராவது ஹோட்டலாக்கியிருந்தால் நான் வாசலில் தேங்காய் உடைத்திருப்பேன்.

தேக்கா அக்கா:
மணி, உங்கள் ஊரில் பாழாய்க் கிடக்கிறது என்பதற்காக எங்கள் ஊரில் நடந்ததெல்லாம் நல்லது ஆகிவிடாது. எப்போது பார்த்தாலும் சிங்கப்பூர் விஷயத்தில் சென்னையைக் கொண்டுவந்து போட்டு "நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்" என்று வாயை அடைக்கிறீர்கள். கிளிஃபர்ட் பியர் படகுத்துறை பற்றிய இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

மவுண்ட்ரோடு மணி:
பொறாமையாக இருக்கிறது என்று மனம் விட்டுச் சொன்னால் அதுவும் குற்றமா அக்கா? கிளிஃபர்ட் பியர் இழையில் என்னை "டூரிஸ்ட்" என்று எழுதியதை நான் மறக்கவில்லை.

கிட்டங்கி வீட்டுப் பிள்ளை:
எல்லோரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். அந்தக் கட்டடத்தைக் கட்டியதே நம் ஆட்கள். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகள் வியர்வை சிந்திக் கட்டினார்கள். அந்த உரிமையில் பேசுங்கள்.

மரினா குமரன்:
இது தவறு. கைதிகள் கட்டியது செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம், அதிபர் மாளிகையான இஸ்தானா போன்றவை, எல்லாம் 1850-கள், 1860-கள். 1873-லேயே கைதிகளை வைத்து வேலை வாங்கும் முறை இங்கே முடிந்துவிட்டது. ஃபுல்லர்ட்டன் வேலை தொடங்கியது 1924. வரைபடம் போட்டது கீஸ் அண்ட் டௌட்ஸ்வெல் என்ற நிறுவனம். ஐம்பது வருடம் தள்ளி வந்த கட்டடத்தில் கைதிகளை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள்?

கிட்டங்கி வீட்டுப் பிள்ளை:
கைதி இல்லை என்றால் கூலி. மண் சுமந்தவன் பெயர் எந்த வரைபடத்தில் இருக்கிறது? நிறுவனத்தின் பெயர் மட்டும் உங்களுக்கு மனப்பாடம். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் எங்கள் கிட்டங்கிகள், செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கடைகள், இருந்தன. அங்கிருந்து ஜிபிஓ நடக்கிற தூரம். எங்கள் தாத்தா பெட்டியடியில் கணக்கு எழுதி முடித்துவிட்டுத் தபாலைச் சேர்க்க ஓடுவார். பினாங்குக்கும் ரங்கூனுக்கும் காரைக்குடிக்கும் அந்தக் கவுண்டர் வழியாகத்தான் கடிதம் போயிற்று. கிட்டங்கிகளை இடித்தபோது குமரன் மாதிரி ஆட்கள் யாரும் விருது கொடுக்க வரவில்லை. இன்று அங்கே கண்ணாடிக் கோபுரங்கள்.

மரினா குமரன்:
நான் சொல்வதும் அதுதானே! கிட்டங்கிக்குப் புதிய பயன் கிடைக்கவில்லை, இடிந்தது. ஃபுல்லர்ட்டனுக்குக் கிடைத்தது, நிற்கிறது. என் கட்சிக்கே சாட்சி சொல்லிவிட்டு என்னைத் திட்டுகிறீர்கள்.

கிட்டங்கி வீட்டுப் பிள்ளை:
நான் யாருக்கும் சாட்சி சொல்லவில்லை. என் பதிவை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள்.

மரினா குமரன்:
தபால்காரர் மகன் ஐயாவுக்கு இன்னொன்று. ஏதோ அந்தக் கட்டடம் முழுவதும் மக்கள் கட்டடமாக இருந்தது போலவும் ஹோட்டல் வந்து பறித்துக்கொண்டது போலவும் எழுதுகிறீர்கள். மேல்மாடிகளில் இருந்தது சிங்கப்பூர் கிளப். ஐரோப்பியர் மட்டும். உங்கள் அப்பா கீழே தபால் பிரித்த அதே கட்டடத்தில் மேலே ஏற அந்தக் காலத்தில் நம் ஆளுக்கு அனுமதி கிடையாது. 1942 பிப்ரவரியில் ஊர் விழப் போகிற நேரத்தில் கவர்னர் ஷென்டன் தாமஸ் வந்து தங்கியதும் அந்த கிளப்பில்தான், கீழே காயம்பட்டவர்களைக் கிடத்தியிருந்தார்கள். அடுத்து ஜப்பான்காரன் நிர்வாகம் வந்து உட்கார்ந்தது. பிற்காலத்தில் வருமான வரி அலுவலகம். வரி கட்டப் போன இடத்தை நினைத்து யாரும் கண்ணீர் விட மாட்டார்கள். இன்று நீங்கள் லாபிக்குள் நடந்து போகலாம், சிவப்புத் தபால் பெட்டியைப் பார்க்கலாம், கழுத்தைத் தூக்கிக் கூரையைப் பார்க்கலாம். எது திறந்த கட்டடம்?

தபால்காரர் மகன்:
என் அப்பாவை இழுத்தாயிற்று. நல்லது. தம்பி, கிளப் இருந்தது எனக்கும் தெரியும். மேலே வெள்ளைக்காரன் விஸ்கி குடித்தான், கீழே நாங்கள் தபால் பிரித்தோம், அதை எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். கிளப் போனது, நாடு நமக்கு வந்தது, அதன் பிறகுதான் அந்தக் கட்டடம் உண்மையிலேயே நம்முடையதாக இருந்தது. வரி கட்டப் போனவன் குடிமகனாகப் போனான், தலை நிமிர்ந்து ஐந்தாம் மாடியில் நின்று சண்டை போட்டான். லாபியில் நடந்து கூரையைப் பார்ப்பவன் வேடிக்கை பார்ப்பவன். இரண்டும் ஒன்று என்றால் உங்களோடு பேசிப் பயனில்லை. மாடம் கடலோடிகளுக்காக வைத்தது. அரசாங்கம் பொதுக்காரியத்துக்காக வைத்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஏறிப் போய், கப்பல் எந்தப் பக்கமிருந்து வந்தது, கரை எங்கே இருந்தது, எவ்வளவு கடலை நாம் மண் போட்டு மூடினோம் என்று பார்க்க முடிய வேண்டும். சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்தவன் மட்டும் பார்ப்பதற்கு அது என்ன தனியார் மொட்டை மாடியா?

மரினா குமரன்:
இன்று அங்கே ஏறினால் தெரிவது மரினா பே. கப்பல் வராது. அதனால்தான் 1979-ல் நிறுத்தினார்கள்.

தபால்காரர் மகன்:
1979, 1979. வேறு ஏதாவது தெரியுமா உங்களுக்கு?

தேக்கா அக்கா:
எனக்குப் பள்ளிப் பிள்ளைகள் ஏறிப் பார்ப்பது என்ற யோசனை பிடித்திருக்கிறது. வாரத்தில் ஒரு காலை நேரம் திறந்துவிட்டால் ஹோட்டலுக்கு என்ன குறைந்துவிடும்? ஆனால் ஐயா, நூலகத்தை இடித்தபோது நான் இதே குழுவில் எழுதிய நீண்ட கடிதத்துக்கு நீங்கள் ஒரு வரி கூடப் பதில் போடவில்லை. "செங்கல் கட்டடம்தானே" என்று யாரிடமோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தபால் நிலையம் என்றதும் இவ்வளவு கோபம் வருகிறது.

தபால்காரர் மகன்:
அப்படி நான் சொல்லவே இல்லை. யார் சொன்னார்கள் என்று பெயரைப் போடுங்கள். நூலகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அங்கே கட்டடம் போனது. இங்கே கட்டடத்தை வைத்துக்கொண்டு அதன் வேலையை எடுத்துவிட்டார்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் தினமும் பஸ்ஸில் போகும்போது கண்ணில் படுகிறது.

தேக்கா அக்கா:
இல்லாமல் போனது வலிக்காதா? நின்ற இடத்தில் நின்று பார்க்கக் கூட எனக்கு ஒரு சுவர் இல்லை ஐயா. உங்களுக்காவது தூண் இருக்கிறது.

மவுண்ட்ரோடு மணி:
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

தேக்கா அக்கா:
நீங்கள் சொன்னது வேறு.

மரினா குமரன்:
ஐயா, கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். 1996-ல் தபால்காரர்கள் போய்விட்டார்கள். அலுவலகங்கள் காலி. கடற்கரை ஓரம், வெப்பம், ஈரம், பூட்டிப் போட்டால் பத்து வருடத்தில் கூரை ஒழுகும், கம்பி துருப்பிடிக்கும், வாசலில் பலகை அடிப்பார்கள். உங்கள் கையில் சாவியைக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது?

தபால்காரர் மகன்:
தரைத்தளத்தைத் தபால் நிலையமாகவே வைத்திருப்பேன். மேலே உங்கள் ஹோட்டலை வைத்துக்கொள்ளுங்கள், நான் வேண்டாம் என்றேனா? மாடத்தை மட்டும் ஊருக்கு விட்டுவிடச் சொல்கிறேன். விளக்கைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறேன். எரிய வேண்டாம், நின்றால் போதும்.

மரினா குமரன்:
அப்படியானால் ஹோட்டல் வந்தது சரி என்றுதானே சொல்கிறீர்கள்?

தபால்காரர் மகன்:
அப்படிச் சொல்லவில்லை. மறுபடியும் முதல் பதிவிலிருந்து படியுங்கள். மாடம் யாருக்கு என்று கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

கிட்டங்கி வீட்டுப் பிள்ளை:
கூலிகள் பற்றி நான் கேட்டதற்கும் பதில் வரவில்லை.

மரினா குமரன்:
சரி, நாளை வேலைத்தளத்துக்குக் காலை ஏழு மணிக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஒன்று: அந்த விளக்கு 1979-ல்

தபால்காரர் மகன்:
போய்த் தூங்குங்கள் தம்பி. சனிக்கிழமை கேவனா பாலத்தில் நிற்கிறேன், வந்து அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டே என் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.