நிர்வாகப் பதவியில் கழிந்த ஆண்டுகள் அட்டன்பரோவுக்கு இழப்பா?

கேள்வி:
நண்பர்களுக்கு வணக்கம். கேம்பிரிட்ஜில் நிலவியலும் விலங்கியலும் பயின்ற இயற்கை ஆவணப்படக் கலைஞர் டேவிட் அட்டன்பரோ, 1952-இல் பிபிசியில் சேர்ந்து, 1954-இல் தொடங்கிய ‘ஸூ குவெஸ்ட்’ என்ற விலங்குகள் பற்றிய தொலைக்காட்சித் தொடரின் மூலம் பலரும் அறிந்த முகமானார். அப்படிப்பட்டவர் 1965-இல் பிபிசி டூ அலைவரிசையின் பொறுப்பாளராகி, பின்னர் அதனினும் உயர்ந்த பதவிக்குச் சென்று, 1973-இன் தொடக்கம் வரை கோப்புகளுக்கிடையே இருந்திருக்கிறார். காட்டில் இருந்திருக்க வேண்டியவரின் நல்ல வயது இப்படிக் கழிந்ததே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. உங்கள் கருத்து என்ன?

பதில் 1:
வணக்கம். அந்த ஆண்டுகளை இழப்பு என்று நான் கருதவில்லை. 1967-இல் விம்பிள்டன் டென்னிஸ் போட்டியை வண்ணத்தில் ஒளிபரப்பி, பிரிட்டனில் வண்ணத் தொலைக்காட்சியைத் தொடங்கிவைத்தது அவருடைய அலைவரிசைதான். அந்த வண்ணத்தின் அருமையை மக்களுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக, ஓவியமும் சிற்பமும் கட்டடக்கலையும் நிறைந்த ‘சிவிலைசேஷன்’ என்ற 13 பகுதித் தொடரைக் கலை வரலாற்றாளர் கென்னத் கிளார்க்கைக் கொண்டு உருவாக்கச் செய்தார். அது 1969-இல் ஒளிபரப்பானது. ஒரு பெரும் பொருளை ஒரே மனிதர், நாடு நாடாகச் சென்று, வாரம் ஒன்றாகப் பதின்மூன்று வாரங்கள் எடுத்துரைக்கலாம் என்ற வடிவம் அங்கேதான் நிலைபெற்றது. 1979-இல் வெளிவந்த ‘லைஃப் ஆன் எர்த்’ தொடருக்கும் 13 பகுதிகளே. உயிர்களின் பரிணாமத்தை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லும் துணிவை, அந்த நிர்வாக அனுபவமே அவருக்குக் கொடுத்தது என்பது என் உறுதியான எண்ணம்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். அவர் திரைக்கு வந்ததே திட்டமிட்டு நடந்ததன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லண்டன் விலங்குக்காட்சிச்சாலையின் ஊர்வனப் பிரிவுப் பொறுப்பாளரான ஜாக் லெஸ்டர் நோயுற்றதால்தான், தயாரிப்பாளராக இருந்த அட்டன்பரோ கேமரா முன் நிற்க நேர்ந்தது. அந்த ‘ஸூ குவெஸ்ட்’ தொடரில் விலங்குகளைப் பிடித்து விலங்குக்காட்சிச்சாலைக்குக் கொண்டுவந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. அந்தப் பாணியிலேயே அவர் தொடர்ந்திருந்தால் இன்று நாம் இவ்வளவு மதிப்போடு பேசியிருக்க மாட்டோம்.

பதில் 3:
வயதைக் குறித்து வருந்தத் தேவையில்லை. ‘லைஃப் ஆன் எர்த்’ படப்பிடிப்புக்காக 1978-இல் ருவாண்டாவின் மலைக்காட்டில் கொரில்லாக்களிடையே அவர் அமர்ந்தபோது அவருக்கு வயது 51. கட்டைவிரல் மற்ற விரல்களோடு எதிர்நின்று பற்றும் திறனைப் பற்றிப் பேசுவதே அன்றைய திட்டம். ஆனால் குட்டிகள் அவருடைய காலணிக் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கியதும், பாடத்தை அப்படியே விட்டுவிட்டு, பதறாமல், குரலைத் தாழ்த்திக்கொண்டு அவற்றின் போக்கிலேயே இருந்துவிட்டார். தாம் முந்திக்கொண்டு நிற்காமல் விலங்குக்கு இடம்விடும் அந்தப் பக்குவம் இளம் வயதில் எளிதில் வாய்ப்பதன்று. கடல் உயிர்களைப் பற்றிய ‘புளூ பிளானட் 2’ தொடருக்கு அவர் குரல் கொடுத்த 2017-இல் அவர் தொண்ணூறைக் கடந்திருந்தார். கடலில் சேரும் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பல குடும்பங்கள் பேசத் தொடங்கியது அந்தத் தொடரைப் பார்த்த பிறகுதான்.