புதுப்பிப்பு: கித்துல்கல முகாம் பயணம் – அட்டைக் கடியும் ஆற்று நீர்மட்டமும்

கித்துல்கல காட்டில் களனி ஆற்றோரம் பிள்ளைகளுடன் தங்கும்போது அட்டைக் கடியை எப்படித் தவிர்ப்பது, கூடாரத்தை எங்கே அடிப்பது என்று முன்னர் கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாகச் சென்று இரண்டு இரவுகள் தங்கித் திரும்பினோம். நீண்ட காலுறையின்மேல் ஈரச் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்க்கும்படி ஒருவர் சொன்ன யோசனையே பலித்தது. உப்போ முதல் ஓடையைக் கடந்ததுமே கரைந்துவிட்டது.

நாங்கள் எதிர்பாராதது ஆற்றின் போக்கைத்தான். மழை ஒரு துளியும் பெய்யாத காலையில், முந்தின மாலை நாங்கள் தேநீர்க் கோப்பைகளை வைத்திருந்த பாறை கண்ணெதிரே மூழ்கியது. மேலேயுள்ள நீர்மின் நிலையத்திலிருந்து நீர் வெளியேறும்போது மட்டம் இப்படி ஏறும் என்று முகாம் பொறுப்பாளர் விளக்கினார். ஆகவே மணற்றிட்டைத் தவிர்த்து, மேட்டிலுள்ள இடத்தையே முற்பதிவு செய்யுங்கள். பிள்ளைகளை ஆற்றில் இறக்குமுன் நீர் வரும் நேரத்தைக் கேட்டறியுங்கள்.