மெயின், ஆல்ட், டூன், ட்விங்க்: கில்டில் பேசுவது பாதி புரியவில்லை

சுக்குக்காப்பி:

எல்லோருக்கும் வணக்கம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கில் இப்போதுதான் ஒரு கில்டில், அதாவது ஆட்டக்காரர்கள் குழுவில், சேர்ந்திருக்கிறேன். ஆட்டம் புரிகிறது, டிஸ்கார்டில் இவர்கள் பேசுவதுதான் புரியவில்லை. கூட்டமாகப் போய்ப் பெரிய அரக்கர்களை அடிக்கிற ரெய்டுக்கு லீடர் "பூமி எங்கே, பூமி இன்னும் வரலையா" என்று கத்திக்கொண்டே இருந்தார். ஆந்தை உருவம் எடுக்கிற ட்ரூயிடுக்கு பூம்கின் என்று பட்டப்பெயராம், அதைச் சுருக்கித்தான் பூமியாம். சரி, அதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம்.

வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். ஆட்டத்தில் என்னிடம் இரண்டு பாத்திரங்கள் இருக்கின்றன. முதலில் ஆரம்பித்த வாரியர் 34-ஆம் லெவலில் நிற்கிறான். அப்புறம் ஆரம்பித்த பிரீஸ்ட் 60 முடித்துவிட்டாள், ரெய்டுக்கு அவளைத்தான் கொண்டுபோகிறேன். ஆபீசர் ஒருவர் "இது உன் மெயின் டூனா?" என்று கேட்டார். "முதல்ல ஆரம்பிச்சது வாரியர்" என்று சொன்னேன். அவரும் சரி என்று எதையோ குறித்துக்கொண்டார். அந்த வாரம் மோல்டன் கோர் ரெய்டில் மேஜர்டோமோ என்ற பாஸின் பெட்டியில் ஐ ஆஃப் டிவினிட்டி வந்தது. பிரீஸ்ட்டைத் தவிர வேறு யாருக்கும் பயன்படாத பொருள். நான் கை தூக்குவதற்குள் "ஆல்ட்டுக்கு இல்லை" என்று இன்னொரு பிரீஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எது மெயின் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? முதலில் உருவாக்கியதா, லெவல் அதிகமானதா? அந்த டூன் என்கிற வார்த்தை எங்கிருந்து வந்தது? இன்னும் ட்விங்க், ம்யூல் என்று என்னென்னவோ சொல்கிறார்கள், அதையும் யாராவது சொல்லிவிட்டால் புண்ணியமாகப் போகும்.

கோடைமழை:

இரண்டும் இல்லை. நான் ஒரு கில்டில் லூட் (ரெய்டில் கிடைக்கிற பொருள்) பட்டியல் பார்த்துக்கொள்கிறவள், அந்தப் பக்கத்துக் கணக்கைச் சொல்கிறேன். மெயின் என்றால் "வாரா வாரம் ரெய்டுக்கு இவளைத்தான் கொண்டுவருவேன்" என்று நீங்கள் கில்டுக்குக் கொடுக்கிற வாக்கு. எப்போது உருவாக்கினீர்கள் என்பது யாருக்கும் வேண்டாம். 60 லெவலில் நான்கு பேர் வைத்திருப்பவருக்கும் மெயின் ஒன்றுதான், மீதி மூன்றும் ஆல்ட்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மோல்டன் கோருக்குப் போவது நாற்பது பேர். ஒரு பாஸ் செத்தால் விழுகிற பொருளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ரெய்டு ரீசெட் ஆக ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். இந்த நிலையில் ஒரு ஆல்ட்டுக்கு நல்ல பொருளைக் கொடுத்தால், அடுத்த வாரம் அவர் மெயினோடு வந்து நிற்பார், பொருள் அவருடைய ஆல்ட்டோடு வீட்டில் தூங்கும். கில்டுக்கு அது நஷ்டம். அதிலும் ஐ ஆஃப் டிவினிட்டி சாதாரணப் பொருள் கிடையாது, பெனடிக்‌ஷன் தடிக்கான குவெஸ்ட்டே அதில்தான் ஆரம்பிக்கிறது. அந்தத் தடி கிடைத்த பிரீஸ்ட் நீண்ட நாள் ஹீல் செய்வார் என்று நம்பித்தான் கொடுப்பார்கள். நானாக இருந்தாலும் பட்டியலில் ஆல்ட் என்று இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், ஆனால் புதிதாக வந்தவரிடம் "இனிமேல் எதைக் கொண்டுவரப் போகிறாய்" என்று நேராகக் கேட்டிருப்பேன். "மெயினா" என்று ஒற்றை வார்த்தையில் கேட்டால் புது ஆளுக்கு என்ன தெரியும்?

இந்தக் கணக்குப் பார்க்கிற பழக்கமே வாவுக்கு (வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டுக்கு) முந்தியது. 1999-ல் வந்த எவர்க்வெஸ்ட்டில் நாகஃபென், வாக்ஸ் என்று இரண்டு டிராகன்கள். அதுகளைக் கொல்ல வருகிறவர்களுக்குப் புள்ளி போட்டு, புள்ளியைச் செலவழித்துப் பொருள் எடுக்கிற முறை அங்கேதான் தொடங்கியது. டிகேபி, அதாவது டிராகன் கில் பாயின்ட்ஸ் என்ற பெயர் அப்படி வந்ததுதான். இன்றைக்கு டிராகனே இல்லாத ரெய்டிலும் டிகேபி என்றுதான் சொல்கிறோம். புள்ளியை ஆளுக்குக் கொடுப்பதா, அவர் ஆடுகிற பாத்திரத்துக்குக் கொடுப்பதா என்ற சண்டை அப்போதிலிருந்தே ஓடுகிறது. மெயின், ஆல்ட் பிரிவினை இவ்வளவு இறுகிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

உங்கள் ஆபீசருக்குத் தனியாக ஒரு மெசேஜ் போடுங்கள். "பிரீஸ்ட்தான் என் மெயின், வாரியரை ரெய்டுக்குக் கொண்டுவரும் எண்ணமே இல்லை" என்று நேராக எழுதுங்கள். சில கில்டுகளில் மெயின் மாற்றினால் கொஞ்ச நாள் காக்க வைப்பார்கள், சில இடத்தில் சேர்த்த புள்ளியில் ஒரு பங்கை வெட்டுவார்கள். அந்த விதியை இப்போதே கேட்டுவிடுங்கள். கொடுத்த பொருள் திரும்ப வராது, அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

டெல்நெட்_தாத்தா:

டூன் என்பது கார்ட்டூனின் வால். முன்பாதியை வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். 2003-ல் டிஸ்னி கொண்டுவந்த டூன்டவுன் ஆன்லைனில் (2013-ல் மூடிவிட்டார்கள்) ஆடிய பாத்திரத்துக்கு அதிகாரபூர்வப் பெயரே டூன்தான், அங்கே அது பொருத்தமாக இருந்தது, நாயும் பூனையும் வாத்துமாக ஆடிய ஆட்டம். ஆனால் ரத்தமும் நெருப்புமாக இருக்கிற ஆட்டத்தில் ஒரு மரண வீரனைப் போய் டூன் என்றால் எனக்குக் காது கூசும். ரோல்பிளே சர்வர்களில் சொல்லிப் பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பாத்திரத்துக்கு ஊர், அப்பா, அம்மா, பழைய பகை எல்லாம் எழுதி வைத்திருக்கிறவனிடம் "உன் டூன்" என்றால் கோபம் வராதா?

நாங்கள் மட் ஆடிய காலத்தில் கேரக்டர், சுருக்கமாக சார். எழுத்தில் அப்படித்தான் அடிப்போம். "என் சார் செத்துட்டார், திரும்ப உருவாக்கணும்" என்று ஹாஸ்டலில் ஒருவன் சொல்ல, பக்கத்து அறைக்காரன் எந்த வாத்தியார் என்று பதறிக்கொண்டு ஓடிவந்ததெல்லாம் நடந்திருக்கிறது. மட் என்றால் தெரியாதவர்களுக்கு: படமே கிடையாது, எல்லாம் எழுத்து. 1978-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் தொடங்கியது. இப்போது நீங்கள் அடித்துக் கொல்கிற மிருகங்களை மாப் என்கிறீர்களே, அது அங்கிருந்து வந்த சொல். நகர்கிற ஜந்துக்களை மொபைல் என்று குறித்தார்கள், அது தேய்ந்து மாப் ஆகிவிட்டது. கூட்டம் என்று அர்த்தமில்லை, தனியாக நிற்கிற ஒற்றைப் பன்றியும் மாப்தான்.

அவதார் கதை வேறு. 1985-ல் அல்டிமா நான்காம் பாகத்தில் அறநெறியில் நின்று ஆடுகிறவன் கடைசியில் அடைகிற நிலைக்கு அந்தப் பெயர். அடுத்த வருஷம் லூகாஸ்ஃபிலிமின் ஹேபிடாட்டில்தான் திரையில் தெரிகிற உருவத்துக்கே அது பெயரானது. ஆனால் ஆடுகிறவர்கள் தங்களுக்குள் அவதார் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. கம்பெனிக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் சொல்வார்கள். நமக்கு அது ப்ரொஃபைல் படம்.

நள்ளிரவு_நரி:

தாத்தா, டூன் என்று சொன்னால் உலகம் இடிந்துவிடாது. "கேரக்டர்" என்று நான்கு முறை அடிப்பதற்குள் டேங்க் (முன்னால் நின்று அடி வாங்குகிறவன்) செத்துவிடுவான்.

மீதி இரண்டையும் நான் சொல்கிறேன், அதிலும் ட்விங்க் எனக்குப் பிடித்த சப்ஜெக்ட். குறைந்த லெவல் பாத்திரத்துக்கு, அந்த லெவலில் தானாகச் சம்பாதிக்கவே முடியாத பொருளை எல்லாம் பெரிய பாத்திரத்தின் காசில் வாங்கி மாட்டிவிடுவது. அப்பா காசில் பைக் எடுத்த பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவர்க்வெஸ்ட்டில் ஃபங்கை ட்யூனிக் என்று ஒரு சட்டை, போட்டால் உயிர் தானாக ஏறிக்கொண்டே இருக்கும், லெவல் தடையே கிடையாது. ஒன்றாம் லெவல்காரன் அதைப் போட்டுக்கொண்டு அடி வாங்கிக்கொண்டே சிரிப்பான்.

வாவில் இது ஒரு கலையாகவே ஆகிவிட்டது. வார்சாங் கல்ச் பேட்டில்கிரவுண்டில் 10 முதல் 19 வரை ஒரு பிரிவு. 19-ல் நிறுத்திவிட்டு அதற்கு மேல் ஏறவே மாட்டார்கள். ஆயுதத்துக்கு பெரிய லெவல் என்சான்ட் (மந்திரச் சக்தி) போடுவது, மீன்பிடிப் போட்டி நேரத்தில் அபூர்வ மீன் பிடித்துக் கொடுத்துத் தொப்பியை வாங்குவது, குருபாஷி அரினாவில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை விழுகிற பெட்டிக்காகத் தவம் கிடப்பது. அந்தப் பெட்டியில் வருகிற பதக்கம் பன்னிரண்டு சேர்த்தால்தான் கிராண்ட் மாஸ்டர் பதக்கம். சுற்றிலும் 60 லெவல்காரர்கள் வெட்டிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு 19 ரோக் மறைந்து உட்கார்ந்து பெட்டி திறக்கப் பார்ப்பான், பார்க்கவே பரிதாபமாக இருக்கும், ஆனால் அதே ஆள் வார்சாங்கில் வந்தால் இரண்டு அடியில் உங்களைப் படுக்க வைப்பான். 2009-ல் 3.2 பேட்ச் வந்தபோது பேட்டில்கிரவுண்டிலேயே எக்ஸ்பீரியன்ஸ் ஏறும்படி செய்துவிட்டார்கள். அது வேண்டாம் என்பவர்கள் ஒரு என்பிசியிடம் (கம்ப்யூட்டர் ஆட்டுவிக்கிற பாத்திரத்திடம்) பத்து கோல்ட் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தியவர்களைத் தனியாகப் பிரித்து அவர்களுக்குள்ளேயே மோத விட்டார்கள். பாதிப் பேர் அதோடு விட்டுவிட்டார்கள். புது ஆளை அடிப்பதில்தானே அவர்களுக்கு சுகம்!

ம்யூல் என்றால் மூட்டை சுமக்கிறவன். டயாப்லோ இரண்டாம் பாகத்தில் பொருள் வைக்கிற பெட்டி மிகச் சின்னது, அதனால் பொருளை வைப்பதற்கென்றே பாத்திரங்களை உருவாக்குவார்கள். மாற்றுவது ஒரு சர்க்கஸ்: பொருளைத் தரையில் போட்டுவிட்டு வெளியேறி, ம்யூலாக உள்ளே வந்து எடுக்க வேண்டும். அதற்குள் அந்த கேம் மூடிக்கொண்டால் பொருள் போச்சு. அதனால் காவலுக்கு ஒரு நண்பனை உள்ளே நிறுத்தி வைப்போம், நல்ல நண்பனாகப் பார்த்து. இன்னொரு தொல்லை, புது ம்யூலை இரண்டு மணி நேரம் ஓட வைக்காவிட்டால் பத்து நாளில் சர்வர் அழித்துவிடும். 2021-ல் வந்த ரிசரக்டட் பதிப்பில் பொதுப் பெட்டி கொடுத்த பிறகு இந்தப் பாடெல்லாம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

சுக்குக்காப்பி:

கோடைமழை அக்கா, ஆபீசருக்கு மெசேஜ் போட்டுவிட்டேன். மெயின் மாற்றலாம், இரண்டு வாரம் புள்ளி சேராது என்றார். பரவாயில்லை. அப்படியானால் வாரியர் இப்போது ஆல்ட்டா, இல்லை இரும்பு வெட்டிச் சம்பாதித்துக் கொடுப்பதால் ம்யூலா? அப்புறம் ஸ்மர்ஃப் என்று ஒருவர் திட்டினார், அது என்ன? இப்படி இரண்டு மூன்று வைத்துக்கொள்வது தப்பு ஒன்றும் இல்லையே?

ஜிட்டாவாசி:

வாரியர் ஆல்ட்தான். லெவல் ஒன்றில் ஏலக்கடை வாசலிலும் தபால் பெட்டிப் பக்கத்திலும் பழியாக நிற்கிறதே, அதுதான் வாவில் பேங்க் ஆல்ட், ம்யூல் வேலையைப் பார்ப்பது அது. ஸ்மர்ஃப் என்பது பாத்திரத்தையே குறிக்காது. நன்றாக ஆடத் தெரிந்தவன் புது அக்கவுண்டில் ஒளிந்துகொண்டு கற்றுக்குட்டிகளோடு ஆடுவது. வார்கிராஃப்ட் இரண்டாம் பாகம் ஆடிய இரண்டு கில்லாடிகள், தங்கள் பெயரைப் பார்த்தாலே யாரும் ஆட வருவதில்லை என்று பாப்பா ஸ்மர்ஃப், ஸ்மர்ஃபெட் என்று கார்ட்டூன் பெயர் வைத்துக்கொண்டு வந்ததாகக் கதை. தப்பா என்றால், ஆல்ட் தப்பில்லை, ஸ்மர்ஃப் பல ஆட்டங்களில் தப்பு. டோட்டா 2-ல் 2023 செப்டம்பரில் ஒரே அடியாக 90,000 ஸ்மர்ஃப் அக்கவுண்டுகளைத் தடை செய்தது வால்வ்.

நான் விண்வெளி ஆட்டமான ஈவ் ஆன்லைன் ஆடுகிறவன், அங்கே ஆல்ட் இல்லாதவனைப் பார்ப்பதே அபூர்வம். அக்கவுண்டுக்கு மூன்று பாத்திரம், ஆனால் சாதாரணமாக ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஸ்கில் கற்கும், அதனால் இரண்டாவது, மூன்றாவது அக்கவுண்டு என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஆல்ட்டுக்கும் தொழிலை வைத்துத்தான் பெயர். கேட் வாசலில் யார் காத்திருக்கிறான் என்று முன்னால் போய்ப் பார்ப்பவன் ஸ்கவுட் ஆல்ட். சரக்கு ஏற்றுபவன் ஹாலர் ஆல்ட். சைனோ ஆல்ட் என்று ஒரு ஜீவன் உண்டு. எதிரியின் இடத்தில் போய் ஒரு கலங்கரை விளக்கை ஏற்றுவான், அதைப் பிடித்துக்கொண்டு நம் பெரிய கப்பல்கள் தாவி வந்து இறங்கும். ஏற்றிய கணத்திலிருந்து அவனால் நகர முடியாது, பெரும்பாலும் செத்துவிடுவான், அவனைப் பெற்றவனே கவலைப்பட மாட்டான். எல்லாவற்றுக்கும் மேல் ஸ்பை ஆல்ட். எதிரிக் கூட்டணியில் மாதக்கணக்கில் நல்ல பிள்ளையாகச் சுரங்கம் வெட்டிக்கொண்டிருப்பான். அதனால் எங்கள் ஊரில் "இது உன் மெயினா?" என்று கேட்டால் அது லூட்டுக்காகக் கேட்கிற கேள்வி கிடையாது, சந்தேகம்.

மண்வெட்டி_மாயாவி:

இவ்வளவு பேசுகிறோம், ஃபைனல் ஃபேன்டசி 14-ல் இந்தப் பிரச்சினையே வராது. ஒரே பாத்திரம் எல்லா ஜாபும் கற்கலாம், கையில் இருக்கிற ஆயுதத்தை மாற்றினால் ஹீலர் வாரியர் ஆகிவிடுவார். அங்கே கேட்பது "மெயின் ஜாப் என்ன" என்றுதான். ஆல்ட் வைத்திருப்பவர்கள் உண்டு, வேறு இனம், வேறு முகம், வேறு கதை வேண்டும் என்பதற்காக. வாவிலும் 2024-ல் வார் விதின் என்ற புதுப் பாகம் வந்த பிறகு வார்பேண்ட் என்று எல்லாப் பாத்திரங்களுக்கும் பொது பேங்க் கொடுத்துவிட்டார்கள், பேங்க் ஆல்ட் அங்கே பாதி ஓய்வு பெற்றாயிற்று. கிளாசிக்காரர்கள்தான் இன்னும் தபால் பெட்டியைச் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

என் தம்பி பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் பக்கம். அவனிடம் டூன், ஆல்ட் எதுவும் எடுபடாது, எல்லாமே ஐடி. மெயின் ஐடி, செகண்ட் ஐடி, "அவன் ஐடியை வித்துட்டான்". மோசமாக ஆடுகிறவன் பாட், மனுஷனாகவே இருந்தாலும். அவன் கூட்டத்தில் ஒரு பையன் ராப்லாக்ஸில் இன்னமும் இலவச முடியோடு சுற்றுகிறான், அவனைக் கூப்பிடுவதே பேக்கன் என்றுதான், அந்த முடி வறுத்த பன்றிக்கறித் துண்டு மாதிரி இருப்பதால். ஃபோர்ட்நைட்டில் காசு கொடுத்து ஸ்கின் வாங்காதவன் டிஃபால்ட். இவை எல்லாம் பாத்திரத்துக்கு வைத்த பெயரா, பையில் காசில்லாத பையனுக்கு வைத்த பெயரா என்று கேட்டால் தம்பி பதில் சொல்ல மாட்டேன் என்கிறான்.

சுக்குக்காப்பி, அந்த இரண்டு வாரமும் ரெய்டுக்குப் போய்விடுங்கள். புள்ளி ஏறாவிட்டாலும் வருகைக் கணக்கில் பெயர் இருக்கும், லூட் கவுன்சில் வைத்து, அதாவது ஆபீசர்கள் கூடிப் பேசி, முடிவு செய்கிற கில்டானால் அவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.