ஒன்டாரியோவுக்கு டீன் ஏஜ் பிள்ளைகளோடு வந்திருக்கிறீர்களா? முதலில் பாடத்தேர்வைப் பாருங்கள்

கிரேடு 9, 10, 11 படிக்கிற வயதில் பிள்ளைகளோடு டொராண்டோ, பிராம்ப்டன், மார்க்கம் பக்கம் வந்து இறங்கியவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கணும்னு சொல்றான், பன்னிரண்டாவதுல எவ்வளவு மார்க் வேணும்?" மார்க்கைப் பற்றி அப்புறம் பேசுவோம். பன்னிரண்டாவது வரைக்கும் காத்திருந்தால் கைவிட்டுப் போகிற ஒரு காரியம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருடம் எந்தெந்தப் பாடம் எடுக்கப் போகிறோம் என்பதைப் பிள்ளைகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும், பெரும்பாலும் பிப்ரவரி வாக்கில், தேர்ந்தெடுத்துக் கொடுத்தாக வேண்டும். பல பள்ளிகளில் மைப்ளூபிரிண்ட் என்ற தளத்தில் செய்வார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும், அதாவது உங்களிடம் கையெழுத்துக்கு வரும். வேலைக்குப் போய் அலுத்துச் சலித்து வந்த நேரத்தில் பிள்ளை நீட்டுகிற தாள் என்று படிக்காமல் போட்டுவிடாதீர்கள். ஊரில் பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போது சொந்தக்காரர் முழுக்கக் கூடிப் பேசுவோம் இல்லையா, இங்கே அந்த முடிவு வருடா வருடம் சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடுகிறது.

அந்தத் தாளை எப்படிப் படிப்பது? ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். முதல் மூன்றும் பாடம். நான்காவது ஓர் எண், 1 என்றால் கிரேடு 9, 2 என்றால் 10, 3 என்றால் 11, 4 என்றால் 12. கிரேடு 11, 12 பாடங்களில் ஐந்தாவது எழுத்தைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும். யூ என்றால் யுனிவர்சிட்டிக்கான பாடம், சி என்றால் காலேஜுக்கானது (இங்கே காலேஜ் வேறு, யுனிவர்சிட்டி வேறு, கீழே சொல்கிறேன்), எம் இரண்டுக்கும் பொது, இ நேராக வேலைக்குப் போகிறவர்களுக்கு, ஓ எல்லோருக்கும் திறந்த பாடம். யுனிவர்சிட்டிக்கு விண்ணப்பிக்கப் பன்னிரண்டாவதில் யூ அல்லது எம் வகைப் பாடங்கள் ஆறு வேண்டும், அதில் இஎன்ஜி4யூ என்ற ஆங்கிலப் பாடம் கட்டாயம். சேர்க்கைக்கு முக்கியமாக அந்த ஆறின் சராசரியைப் பார்ப்பார்கள். பொறியியல் என்றால் ஆங்கிலத்தோடு அட்வான்ஸ்டு ஃபங்ஷன்ஸ், கால்குலஸ் என்ற இரண்டு கணக்குப் பாடங்கள், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லாமே வழக்கமாகக் கேட்பார்கள்.

சனிக்கிழமைகளில் ஸ்கார்பரோவில் ஒரு நூலகத்தில், புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பாடம் முடிந்து அவர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டால், வீட்டில் சொல்லாததெல்லாம் அங்கே வெளியே வரும். யார் என்ன படிக்கப் போகிறார்கள், எந்த வேலைக்குச் சம்பளம் அதிகம், வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று ரொம்பத் தீவிரமாகப் பேசுகிறார்கள். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அக்கறை நிறையவே இருக்கிறது, ஆனால் தகவல் பாதிக்கு மேல் ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்டதாகவே இருக்கிறது.

போன மாதம் கிரேடு 10 பையன் ஒருவன் மற்றவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். "லெவன்த்துல ஈஸி மேத்ஸ் எடுத்தா மார்க் ஏறும், யுனிவர்சிட்டி மார்க்கத்தான் பாக்கும்." கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவன் சொன்ன ஈஸி மேத்ஸ் எம்பிஎஃப்3சி, அதாவது காலேஜுக்கான கணக்கு. அதை எடுத்தால் அடுத்த வருடம் எம்ஏபி4சி போகலாம், அட்வான்ஸ்டு ஃபங்ஷன்ஸுக்குப் போக முடியாது. அது இல்லாமல் கால்குலஸ் கிடையாது. அப்புறம் பொறியியல் போச்சு, கம்ப்யூட்டர் சயின்ஸும் பெரும்பாலான இடங்களில் போச்சு. பதினைந்து வயதில் ஒரு மத்தியானம் எடுத்த முடிவுக்கு இது ரொம்பப் பெரிய விலை. கணக்கில் பிள்ளை ஓரளவுக்கு நின்றால் பதினொன்றாவதில் யுனிவர்சிட்டிக்கான கணக்கான எம்சிஆர்3யூ எடுக்கச் சொல்லுங்கள், பிறகு மனம் மாறினால் காலேஜ் பக்கம் போக அது தடையாக இருக்காது. ஏற்கெனவே தவறான பாடம் எடுத்தாகிவிட்டது என்றால் பதற வேண்டாம். கோடைக்காலப் பள்ளி இருக்கிறது, இரவு வகுப்பு இருக்கிறது, ஐந்தாவது வருடமாக அதே பள்ளியில் இருந்து விட்டதைப் படிக்கவும் வழி உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நல்ல மாணவர்கள் எத்தனையோ பேர் அப்படிச் செய்கிறார்கள்.

இஎஸ்எல் வகுப்பில், அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகச் சொல்லித்தரும் வகுப்பில் போட்டுவிட்டார்கள், இனிமேல் என் பெண் யுனிவர்சிட்டி போக முடியாதா என்று சென்ற வாரம் ஓர் அக்கா கேட்டிருந்தார். போகலாம் அக்கா. ஒரு பாடத்தில் தேறினால் கிடைப்பது கிரெடிட். கட்டாய ஆங்கில கிரெடிட் நான்கில் மூன்று வரைக்கும் இஎஸ்எல் பாடங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், நான்காவது மட்டும் பன்னிரண்டாவதின் வழக்கமான ஆங்கிலப் பாடமாக இருக்க வேண்டும். இஎஸ்எல் ஏ முதல் இ வரை ஐந்து படிகள். எந்தப் படியில் தொடங்குகிறாள், இஎன்ஜி4யூ வரை வந்து சேர எத்தனை செமஸ்டர் ஆகும் என்று இப்போதே பள்ளியில் பாடத்தேர்வுக்கு வழிகாட்டுகிற கவுன்சிலரோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். இரண்டு வருடம் போதாது என்று தெரிந்தால் கோடை வகுப்பை இந்த வருடமே தொடங்கலாம். அதோடு, கனடாவில் படித்த வருடங்கள் குறைவு என்றால் சில யுனிவர்சிட்டிகள் ஐஎல்ட்ஸ் போன்ற ஆங்கிலத் தேர்வும் கேட்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

பள்ளிப் படிப்பை முடித்ததற்கான டிப்ளமா வாங்க மொத்தம் 30 கிரெடிட். ஊரில் படித்ததற்கு எத்தனை கிரெடிட் தருவது என்பதைப் பள்ளி முதல்வர்தான் முடிவு செய்வார், அதனால் பழைய மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரிஜினலாகக் கொண்டு வாருங்கள், தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்போடு. கிரெடிட் தவிர எழுத்தறிவுத் தேர்வு ஒன்றும், 40 மணி நேரத் தன்னார்வச் சேவையும் உண்டு. நடுவில் வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு அந்த மணி நேரத்தை முதல்வர் குறைத்துத் தரலாம், கேளுங்கள்.

மருத்துவம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வீட்டுக்குள் அதிகம் சண்டை வருவது இதில்தான். இங்கே நீட் எழுதி பன்னிரண்டாவது முடித்த கையோடு மெடிக்கல் போகிற முறை கிடையாது. முதலில் இளங்கலையில் பெரும்பாலும் நான்கு வருடம், அப்புறம் விண்ணப்பம், பல இடங்களில் எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, நேர்காணல். பிராம்ப்டனில் 2025-இல் ஒரு புதிய மெடிக்கல் ஸ்கூல் திறந்திருக்கிறார்கள், ஆனாலும் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. முயல வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைக்கு அதில் உண்மையிலேயே ஆசையா என்று கேட்டுவிட்டு முயலுங்கள். மதுரையில் பத்தாவது முடித்து வந்த ஒரு பெண் நூலகத்தில் என்னிடம் தெளிவாகச் சொன்னாள், எனக்கு நர்சிங் பிடித்திருக்கிறது, நோயாளியோடு இருக்கிற வேலைதான் வேண்டும் என்று. வீட்டில் டாக்டர் என்கிறார்கள். நான்கு வருட நர்சிங் பட்டம், மூச்சுக் கோளாறு உள்ளவர்களைக் கவனிக்கிற மூன்று வருட ரெஸ்பிரேட்டரி தெரபி, ஆம்புலன்ஸில் சிகிச்சை தருகிற இரண்டு வருட பாராமெடிக் என்று இங்கே நோயாளிகளைக் கவனிக்கிற வேலைக்குப் போகிற பாதைகள் பல. டாக்டருக்கு அடுத்தபடி என்று அவற்றை எடைபோடாதீர்கள். அந்தப் பெண் யோசித்த அளவுக்கு நம்மில் பலர் அந்த வயதில் யோசித்திருக்க மாட்டோம்.

எலெக்ட்ரீஷியன் ஆகிறேன் என்று பையன் சொல்கிறான், என்ன செய்வது என்று கோயம்புத்தூர் அண்ணா ஒருவர் வருத்தமாக எழுதியிருந்தார். அண்ணா, அவன் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். 309ஏ என்ற கட்டுமான எலெக்ட்ரீஷியன் பயிற்சி மொத்தம் 9,000 மணி நேரம், சுமார் ஐந்து வருடம். பெரும்பகுதி வேலையிலேயே, சம்பளத்தோடு. இடையிடையே வகுப்பு. முடித்துத் தேர்வில் தேறினால் ரெட் சீல் என்ற தொழில் தகுதி முத்திரை கிடைக்கும், அது எல்லா மாகாணத்திலும் செல்லும். ஓவைஏபி என்ற திட்டத்தில் பள்ளியில் படிக்கும்போதே கோ-ஆப், அதாவது வேலையிடத்தில் பழகி கிரெடிட் வாங்குகிற பாடம் மூலம் இதைத் தொடங்கலாம். வெயில், பனி, உயரம் எல்லாம் உண்டு, லேசான வேலை இல்லை. ஆனால் கையில் தொழிலும் கடனில்லாத தொடக்கமும் இருக்கும். கணக்கை மட்டும் விட வேண்டாம் என்று சொல்லுங்கள், இந்தத் தொழிலுக்கும் அது வேண்டும்.

காலேஜைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே காலேஜ் தனி, யுனிவர்சிட்டி தனி. செனகா, சென்டெனியல், ஹம்பர் போன்ற காலேஜ்களில் இரண்டு வருட டிப்ளமா, மூன்று வருட அட்வான்ஸ்டு டிப்ளமா, சில துறைகளில் நான்கு வருடப் பட்டமும் உண்டு. டிப்ளமா முடித்துவிட்டு, படித்ததில் ஒரு பகுதிக்கு கிரெடிட் வாங்கிக்கொண்டு யுனிவர்சிட்டிக்கு மாறுகிறவர்களும் இருக்கிறார்கள். மார்க் குறைந்த பிள்ளைக்கு மட்டும்தான் காலேஜ் என்று வீட்டில் பேசாதீர்கள், பிள்ளை காதில் அது வேறு மாதிரி விழும்.

பணம்: பிஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை இருந்தால் ஓசாப் என்ற மாகாண மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டில் சின்னப் பிள்ளையும் இருந்தால் ஆர்இஎஸ்பி என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு உடனே தொடங்குங்கள். வருடத்துக்கு 2,500 டாலர் போட்டால் அரசு 20 சதவீதம், அதாவது 500 டாலர் சேர்க்கும், ஒரு பிள்ளைக்கு மொத்தம் 7,200 டாலர் வரை. பதினாறு, பதினேழு வயதில் புதிதாகத் தொடங்கினால் அந்த மானியம் பொதுவாகக் கிடைக்காது, அதனால்தான் சின்னவர்களுக்கு என்கிறேன்.

கவுன்சிலரைப் பார்க்க நேரம் வாங்கும்போது பிள்ளையும் கூட இருக்கட்டும், நீங்கள் பேசி முடித்துவிட்டு வீட்டில் வந்து முடிவைச் சொல்லாதீர்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால், புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவ ஸ்விஸ் என்ற திட்டத்தின் பணியாளர்கள் பல பள்ளிகளில் இருக்கிறார்கள், தமிழ் பேசுகிறவர்களும் கிடைப்பார்கள், பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். பிள்ளை என்ன கிரேடு, ஊரில் எதுவரை முடித்தது, இப்போது என்னென்ன பாடம் எடுத்திருக்கிறது என்று குறியீட்டோடு கீழே எழுதினால், அடுத்த வருடத்துக்கு எதைப் பார்க்கலாம் என்று என்னால் முடிந்தவரை சொல்கிறேன்.