முழுக்கைப் பச்சை குத்திக்கொள்வதற்கு முன்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்து அன்பர்களின் அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒருவர்:

தோளில் மயில், இடது முன்கையில் வேல், மணிக்கட்டுக்குச் சற்று மேலே "யாமிருக்கப் பயமேன்" என்ற இரண்டு சொற்கள். இந்த வடிவத்தைத் தீர்மானிக்கவே எனக்கு எட்டு மாதங்கள் ஆயின. முன்பணம் கட்டி, மூன்று முறை நேரில் சந்தித்து, கோட்டோவியங்களைத் திருத்தி எல்லாம் முடிந்த பிறகு, குத்தும் நாளன்று நடந்த ஒன்றுதான் இன்றுவரை மனத்தை உறுத்துகிறது.

வரைபடத்தைத் தோலில் பதிக்கும் ஸ்டென்சில் தாளை ஒட்டி உரித்ததும் எழுத்துகள் ஊதா நிறத்தில் கையில் பதிந்தன. பச்சை வரைபவர் கையுறை மாட்டிக்கொண்டு, சிறு கிண்ணங்களில் மை நிரப்பிக்கொண்டிருந்தார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். "பயமேன்" என்பதில் மகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு, அதற்குப் பின்னால் நழுவி னகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழில் உயிரொலி பின்னால் வந்தாலும் கொம்பு முன்னால் நிற்கும் என்பது, இந்திய எழுத்துகளுக்கான வசதி முடுக்கப்படாத வரைகலை மென்பொருளுக்குத் தெரியாது. கணினியில் சேமிக்கப்பட்ட வரிசையிலேயே குறிகளை அடுக்கிவிடும். வரைபவர் தமிழ் அறியாதவர். அவர்மீது எனக்குக் குறையே இல்லை.

என்னை உறுத்துவது வேறு. ஸ்டென்சிலைப் பொருத்த அவர் ஒரு மணி நேரம் குனிந்து உழைத்திருந்தார். அதை மறுபடி செய்யச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்ததால், சில நொடிகள் நான் வாய் திறக்கவே இல்லை. இயந்திரம் ஓடத் தொடங்கிய ஓசை கேட்ட பிறகே, "நிறுத்துங்கள், எழுத்து தவறாக இருக்கிறது" என்றேன். அவர் முகம் சுளிக்காமல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டார். பிறகு எங்கள் கோயில் தமிழ் வகுப்பு ஆசிரியை கைப்பட எழுதித் தந்த தாளைப் படமெடுத்து, அந்தப் படத்தையே ஸ்டென்சிலாக்கி, இரண்டு வாரம் கழித்துக் குத்திக்கொண்டேன். அந்தச் சில நொடிகளை நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது.

வெருலத்திலிருந்து ஒருவர்:

என்னுடையது கப்பல் பட்டியல் பற்றியது. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பனுக்கு வந்து சேர்ந்ததையும், 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்ததையும் இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம் என்று எழுதி வைத்தார்கள். என் கொள்ளுப்பாட்டியின் எண்ணை வலது கையில், கரும்புத் தோகைகளுக்கு நடுவே, தோளிலிருந்து முழங்கை வரை பெரிதாகக் குத்திக்கொள்ள விரும்பினேன்.

வரைபடம் கைக்கு வந்த அன்று மாலை அதை அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கரும்பு மிக அழகாக இருப்பதாகச் சொன்னார். பிறகு தாளை என் மடியில் வைத்துவிட்டு, "பெயர் இருக்கும்போது எண் எதற்கம்மா?" என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை, தடுக்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த எண்ணை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. வரைபவரிடம் மூன்று மாத அவகாசம் கேட்டேன். எண் இருந்த இடத்தில் இப்போது அவளுடைய பெயரும் அவள் ஊரின் பெயரும் இருக்கின்றன. எண்ணை விட்டது சரிதானா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை, ஏனென்றால் அந்த எண் இல்லாமல் அவள் பெயரை நான் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

பீனிக்ஸிலிருந்து ஒருவர்:

சாட்ஸ்வொர்த் அண்ணா எழுதியதில் எனக்கு உடன்பாடில்லாதவை இரண்டு உண்டு. எல்லாப் படங்களிலும் "யாமிருக்க பயமேன்" என்றுதான் பார்த்திருக்கிறோம்; நடுவில் 'ப்' சேர்த்தால் பயம் என்ற சொல்லின் மெல்லிய ஒலி கெட்டுவிடுகிறது. அடுத்து, வேலை இடக்கையில் குத்தியது தவறு என்றே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்கள்.

என் அனுபவம் சிறியது. தைப்பூசக் காவடிக்கு ஒன்பது நாள் முன்பு இரண்டாம் அமர்வுக்கு உட்கார்ந்தேன். காவடி நாளன்று வெயிலிலும் வியர்வையிலும் மஞ்சள் நீரிலும் நடந்து, காவடியை இறக்கியபோது முழங்கையருகே காய்ந்திருந்த பொருக்கு துணியோடு உரிந்து வந்தது. மயிலின் கழுத்தில் ஒரு ரேண்ட் காசு அளவுக்கு இன்றும் மை இல்லாமல் வெளிறியிருக்கிறது.

ஆகவே இதைத் தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். மேல்தோல் ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை கடலிலும் குளத்திலும் இறங்கக் கூடாது, வெயில் படக் கூடாது. தைப்பூசமும் சித்ரா பௌர்ணமியும் நெருங்கும் மாதங்களை விட்டு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரையுள்ள குளிர்காலத்தில் அமர்வுகளை வைத்துக்கொண்டால் நீண்ட கை பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு நடமாடலாம், வியர்வையும் குறைவு. விரதத்தோடு போய் உட்காராதீர்கள். நான்கைந்து மணி நேரம் வலியைத் தாங்க வயிற்றில் சோறு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தலை சுற்றும். முதல் நாள் மது வேண்டாம். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் முழுக்கைக்கு இறங்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டும். நம் நிறத்துக்கு வெளிர் மஞ்சளும் வெளிர் நீலமும் ஆறிய பின் மங்கித் தெரியும். கறுப்புக் கோட்டின் அழுத்தத்தில்தான் மயில் நிற்கும்.

எழுத்தைச் சிறிதாகக் குத்தாதீர்கள். மை ஆண்டுக்கணக்கில் தோலுக்குள் சற்றே பரவும். ண, ழ, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்துப் போகும். மிக முக்கியமானது, முன்கையில் வேல் வைக்கும்போது உள்ளங்கையை மேலே திருப்பி நீட்டிக்கொண்டு ஸ்டென்சில் ஒட்டவிடாதீர்கள். எழுந்து நின்று, கையை இயல்பாகத் தொங்கவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். கை திரும்பும்போது தோலும் சேர்ந்து திரும்புவதால், படுக்கையில் நேராக இருந்த வேல் நின்றால் வளைந்துவிடும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

தம்பி, 'இருக்க' என்பது செயவெனெச்சம்; அதன் பின் வல்லினம் மிகும். ஆசிரியையும் அப்படித்தான் எழுதினார். ஒலியைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் புரிகிறது, ஆனால் என் கையில் இருப்பது எழுத்து. இடக்கையைத் தேர்ந்ததற்குக் காரணம், வலக்கையில் சிறுவயதுத் தீக்காயத் தழும்பு உள்ளது. அந்தத் தோலில் மை சீராகப் பிடிக்காது என்று வரைபவர் சொன்னார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒருவர்:

இடக்கை வலக்கை என்ற பேச்சைப் படித்ததும் எழுதத் தோன்றியது. என் ஆயாவின், அதாவது பாட்டியின், இரண்டு முன்கைகளிலும் பச்சை இருந்தது, அவருடைய தாயாருக்கும் இருந்ததாகச் சொல்லுவார். மஞ்சளையும் அகத்திக்கீரையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலில் குழைத்து, ஊசியால் குத்துவார்கள் என்பது அவர் தம் தாயாரிடம் கேட்ட செய்தி. அவர் காலத்தில் எந்தக் கை என்று யாரும் வாதிட்டதாக அவர் சொன்னதில்லை.

ஆயா இறந்தபோது குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. மஞ்சள் நீரை ஊற்றியபோது, வயதால் சுருங்கிக் கிடந்த தோல் நனைந்து விரிந்து, இடது முன்கையில் ஒரு புள்ளிக் கோலம் பச்சை நிறத்தில் தெளிவாகத் தெரிந்தது. வாழ்நாளெல்லாம் அந்தக் கையால் பரிமாறிச் சாப்பிட்டவள் நான், அதை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். உடனே யாரோ துணியை இழுத்து மூடினார்கள்.

அந்தக் கோலத்தை மையமாக வைத்து, என் இடது கை முழுவதும் வரைந்துகொள்ள விரும்புகிறேன். வரைபவர் கேட்ட முதல் கேள்வி, புள்ளிகள் எத்தனை வரிசை என்பது. நான் ஐந்து என்கிறேன், அக்கா ஏழு என்கிறாள். புகைப்படங்களில் எல்லாம் ஆயா முந்தானையால் கையை மூடியிருக்கிறார். இரண்டு முறை நாள் குறித்து இரண்டு முறையும் தள்ளிப் போட்டுவிட்டேன். உங்கள் வீடுகளில் அந்தத் தலைமுறைப் பெண்களின் கைகள் தெரியும் படங்கள் இருந்தால், ஒரு முறை எடுத்துப் பார்த்துப் புள்ளிகளை எண்ணிச் சொல்ல வேண்டுகிறேன்.