மழைக்காலம், வழுக்கும் கம்பம், முன்கை வலி: பயிற்சியை நிறுத்த வேண்டுமா?

செம்பூர் வாசகி கேட்கிறார்:

வணக்கம். அந்தேரியில் ஒரு ஸ்டூடியோவில் போல் டான்ஸ் கற்றுக்கொள்கிறேன். ஏறுவது, கம்பத்தில் உட்காருவது, அடிப்படைச் சுழற்சிகள் எல்லாம் வந்துவிட்டன. மழை தொடங்கிய சமயத்தில் பிராக்கெட் பிடியை ஆரம்பித்தோம். ஒரு கை மேலே இழுக்க, இன்னொரு கை கீழே தள்ள, உடலைக் கம்பத்திலிருந்து விலக்கி நிறுத்தும் பிடி அது. கூடவே தலைகீழாகத் திரும்பும் இன்வர்ட்டும் நடக்கிறது. அப்போதிலிருந்து வலது முன்கை சரியில்லை.

முழங்கையின் உட்புறத்தில் தொடங்கி மணிக்கட்டை நோக்கி இறங்கும் வலி. பயிற்சியின்போது பெரிதாகத் தெரியாது. மறுநாள் காலையில் ஈரத் துணியைப் பிழிய முடியாது. தோசைமாவுப் பாத்திரத்தை ஒற்றைக் கையால் தூக்கினால் சுரீர் என்கிறது. வடாலாவில் ரயில் மாறி, கூட்டத்தில் மேல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கும்போது விரல்கள் சோர்ந்துவிடுகின்றன. அலுவலகத்தில் நாள் முழுவதும் கணினி வேறு.

பயிற்சியாளர், பலம் வந்தால் சரியாகிவிடும் என்கிறார். அம்மா நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துவிடுகிறார். கம்பத்தை விட்டுவிடு என்கிறார். எனக்கு விட மனமில்லை. சில வாரம் ஓய்வெடுப்பதா, கைக்கு எடைப் பயிற்சி செய்வதா, முழங்கைப் பட்டை வாங்கிக் கட்டிக்கொள்வதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

முலுண்ட் பயிற்றுநர்:

பலம் வந்தால் சரியாகிவிடும் என்பதை நான் ஏற்கமாட்டேன். தசை சில வாரங்களிலேயே பலம் பெற ஆரம்பிக்கும். அதை எலும்போடு பிணைக்கும் தசைநாண் அந்த வேகத்தில் தேறாது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். தசை தயாராகிவிட்டது, தசைநாண் இன்னும் தயாராகவில்லை என்ற இந்த இடைக்காலத்தில்தான் பலருக்கு முன்கை போய்விடுகிறது. உங்கள் கதையும் அதுவாகத்தான் தெரிகிறது.

வலி முன்கையில் இருந்தாலும் முதலில் தோளைப் பாருங்கள். கம்பத்தின் பக்கத்தில் நின்று, மேல் கையால் பிடித்துக்கொண்டு, முழங்காலை மெதுவாக மடக்கிப் பாதி எடையை அந்தக் கைக்குக் கொடுங்கள். தோள் மேலேறிக் காதைத் தொடுகிறதா? அப்படியானால் உங்கள் எடை முழுவதும் விரல்களில் தொங்குகிறது என்று அர்த்தம். இப்போது கையை மடக்காமல், தோள்பட்டை எலும்பை மட்டும் முதுகுப் பக்கம் கீழே இறக்குங்கள். எடையை முதுகுத் தசை வாங்கிக்கொள்ளும், விரல்களின் இறுக்கம் தானாகத் தளரும். இந்த ஒரு வித்தியாசம் கையில் பதியும்வரை என் மாணவிகள் யாரையும் நான் தரையிலிருந்து கால் எடுக்க விடுவதில்லை. அவர்களுக்கு அலுப்புத் தட்டும், தட்டட்டும்.

அடுத்து கீழ்க் கை. பிராக்கெட் பிடியில் கீழ்க் கையின் வேலை தள்ளுவது. பெரும்பாலானோர் அதையும் மேல் கைபோலவே நசுக்கிப் பிடிக்கிறார்கள். ஆள்காட்டி விரலைக் கம்பத்தோடு ஒட்டிக் கீழ்நோக்கி நீட்டி, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளுங்கள். மணிக்கட்டு பக்கவாட்டில் ஒடிந்து நிற்கக் கூடாது. கை நேராக இருக்கட்டும், ஆனால் மூட்டைப் பின்பக்கமாகப் பூட்டிவிடாதீர்கள். சில பெண்களுக்கு முழங்கை இயல்பிலேயே பின்னுக்கு வளையும். அவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இனி மழை. மும்பையில் ஜூலையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டியே இருக்கும். கம்பம் வழுக்கினால் கை பயந்து இரண்டு மடங்கு இறுக்குகிறது, அந்த இறுக்கம்தான் முன்கையைத் தின்கிறது. ஆகவே வழுக்கலைக் குறைப்பதே முதல் சிகிச்சை. ஒவ்வொருவர் முறைக்கும் முன்னால் கம்பத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும், வகுப்பு தொடங்கும்போது ஒரு தடவை மட்டும் துடைத்தால் போதாது. நம் வீட்டுப் பெண்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு வகுப்புக்கு வராதீர்கள். பின்னலைத் தொட்ட கை கம்பத்தைத் தொடும், பின்னலே கம்பத்தில் உரசும், பிறகு வழுக்காமலிருக்கக் கையில் எத்தனை சாக் பவுடர் பூசினாலும் பிடி நிற்காது. அம்மா தேய்த்துவிடும் நல்லெண்ணெயும் அப்படித்தான். வகுப்பில்லாத நாளில் தேய்த்துக்கொள்ளுங்கள். ஏ.சி. அறையில் கம்பம் சில்லென்று இருந்தாலும் பிடி நிற்காது. ஏறும் முன் கைகளாலும் தொடையாலும் தேய்த்துச் சூடாக்குங்கள்.

உங்கள் கை சிறியதென்றால் கம்பத்தின் பருமனையும் கேளுங்கள். போட்டிகளில் 45 மில்லிமீட்டர் கம்பம்தான் வழக்கம். சில ஸ்டூடியோக்களில் 50 மில்லிமீட்டர் இருக்கும். சிறிய கைக்கு அது கூடுதல் சுமை.

கடைசியாக, வகுப்பு முடியும் நேரத்தில் வீடியோவுக்காக இன்னும் ஒரு முறை என்று ஏறுகிறார்களே, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். களைத்த கை எடையைத் தோளிலிருந்து விரல்களுக்குத் தள்ளிவிடுவது அந்த நேரத்தில்தான்.

சயான் பிசியோ:

கையைத் தொட்டுப் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முழங்கையின் உட்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையில்தான் விரல்களையும் மணிக்கட்டையும் மடக்கும் தசைகள் வந்து சேர்கின்றன. அங்கே அழுத்தினால் வலித்து, துணி பிழியும்போதும் வலித்தால், கோல்ஃபர்ஸ் எல்போ என்று நாங்கள் சொல்வதாக இருக்க வாய்ப்பு அதிகம். கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் வரும்.

முழு ஓய்வு வேண்டாம். வலி அடங்கும், திரும்பக் கம்பத்தைத் தொட்டதும் அதுவும் திரும்பிவிடும், ஏனென்றால் சும்மா இருக்கும் தசைநாண் பலவீனமாகிறது. பிராக்கெட் பிடி, இன்வர்ட் இரண்டை மட்டும் இப்போதைக்கு நிறுத்துங்கள். தரைப் பயிற்சி, உட்காரும் நிலைகள், கால்பிடி வேலைகள் தொடரட்டும்.

வீட்டில் செய்ய: முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க, மணிக்கட்டை அசைக்காமல் ஒரு கிலோ எடையை 30 முதல் 45 வினாடி தாங்குங்கள். நான்கைந்து சுற்று, நடுவே ஒன்றிரண்டு நிமிட இடைவெளி. இது சுலபமான பிறகு, இன்னொரு கையின் உதவியோடு எடையை மேலே தூக்கி, வலிக்கும் கையால் மட்டும் மிக மெதுவாக இறக்குங்கள். விரல் நுனிகளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு விரல்களை விரிக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் மடக்கியே பழகிய கைக்கு எதிர்ப்பக்கத் தசையும் வேண்டும். பத்துக்கு மூன்று அளவு வலி பரவாயில்லை. மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் எடை அதிகம்.

பட்டை வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், குணப்படுத்தாது. இறுக்கிக் கட்டினால் நரம்பு அழுந்தும்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது, பொருள்கள் கை நழுவி விழுவது, முன்கை எலும்பில் ஒரே புள்ளியில் குத்துவது, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

விழுப்புரத்தார், தாதர்:

நான் போல் டான்ஸ் அறியாதவன். கம்பத்தில் ஏறி வித்தை செய்யும் நம் மல்லர் கம்பம் தெரியும். விழுப்புரத்தில் சிறுவயதில் கற்றது, இங்கே சிவாஜி பார்க் பக்கம் குடிவந்த பிறகும் விடவில்லை. 2019இல் முதல் உலக மல்லர் கம்பப் போட்டி இந்தப் பகுதியில் நடந்தபோது கூட்டத்தில் நின்று பார்த்தேன்.

எங்கள் கம்பம் மரம். அதில் விளக்கெண்ணெய் பூசுவோம், நீங்கள் துடைத்து எடுக்கும் எண்ணெயை நாங்கள் தேடிப் பூசுகிறோம். அப்படிப்பட்ட கம்பத்தைக் கையால் நசுக்கி யாரும் நிற்க முடியாது. அதனால் தொடக்கத்திலிருந்தே தொடை, அக்குள், கால் பெருவிரல் இடுக்கு என்று உடம்பால் பிடிக்கப் பழகுகிறோம். கை வழிகாட்டும், எடையைக் கால் வாங்கும். உங்கள் இன்வர்ட்டிலும் வெளிக்கால் கம்பத்தைக் கொக்கி போட்டுப் பிடித்ததும் கைச் சுமை பாதியாவது குறைய வேண்டும். கால் மாட்டிய பிறகும் விரல் வெளுக்கும் அளவுக்கு இறுக்குகிறீர்களா என்று யாரையாவது அருகில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

செம்பூர் வாசகி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று வகுப்பில் அந்தத் தோள் சோதனையைச் செய்தேன். இடது தோள் கீழேயே நின்றது, வலது தோள் காதருகே போய்விட்டது. விரல்கள் மரத்துப்போகவில்லை, இரவில் வலி இல்லை. பயிற்சியாளரிடம் சொன்னேன், கேட்டுக்கொண்டார். ஆனால் பிராக்கெட் பிடிக்குப் பதிலாக, மேல் கையைத் திருப்பிக் கட்டைவிரல் கீழே வரும்படி பிடிக்கும் ட்விஸ்டட் பிடியில் முயலலாம் என்கிறார். அது முன்கைக்கு இலகுவாக இருக்குமா?

முலுண்ட் பயிற்றுநர்:

வேண்டாம். அந்தப் பிடியில் மேல் கை உட்பக்கமாகத் திருகிக்கொள்ளும். உங்கள் வலது தோளோ இன்னும் கீழே நிற்கப் பழகவில்லை. அதன்மேல் முழு எடையைத் தொங்கவிட்டால் முன்கை தப்பித்துத் தோள் மாட்டிக்கொள்ளும். பயிற்சியாளர் காதுகொடுத்துக் கேட்பவர் என்பது நல்ல விஷயம். இதையும் அவரிடமே சொல்லுங்கள்.

பிசியோ சொன்ன எடைப் பயிற்சியைத் தொடருங்கள். துணி பிழியும்போது வலி இல்லை என்ற நிலை வந்து அது சில வாரம் நிலைத்த பிறகு, இரண்டு காலும் தரையில் இருக்க பிராக்கெட் பிடியை மட்டும் பிடித்துத் தள்ளிப் பழகுங்கள். பிறகு ஒரு காலை எடுங்கள். இடது பக்கத்தையும் அதே அளவு செய்யுங்கள், அந்தத் தோள்தான் வலதுக்கு இப்போது ஆசிரியர். இன்வர்ட்டைக் குதித்துத் தொடங்காமல், நின்ற இடத்திலிருந்து முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துத் தொடங்குங்கள். அது வராத நாளில் அதைத் தொட வேண்டாம்.