முன் சஸ்பென்ஷன் புஷ்: ரப்பரா, பாலியூரிதேனா?

பழையவண்டி:
1991 மாஸ்டா எம்எக்ஸ்-5. பிரேக் மிதித்தால் முன்னால் 'டொக்' என்கிறது, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது. பால் ஜாயின்ட் நன்றாகத்தான் இருக்கிறது. சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கீழ் ஆர்மின் மூட்டில் இருக்கும் புஷ்களில் ரப்பர் கிழிந்திருக்கிறது. கொடுமை என்னவென்றால், இரண்டு வருஷத்துக்கு முன்புதான் ஒரு பட்டறையில் மாற்றினேன். இந்த முறை ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் (ரப்பரைவிட விறைப்பான செயற்கைப் பொருள்) போடலாமா?

நட்டுபோல்ட்டு:
யோசிக்கவே வேண்டாம், போடுங்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பும், பாலிக்கு அந்தத் தொல்லை குறைவு. பிரேக் அடிக்கும்போது ஆர்ம் பின்னால் போகாது. கையாலேயே தள்ளி மாட்டலாம், அழுத்திச் செருகும் பிரஸ் இயந்திரம் தேவையில்லை.

ரப்பர்தாசன்:
புதியதைக் கையால் தள்ளலாம். பழையதை எதை வைத்துக் கழற்றுவீர்கள், பல்லாலா?

ரப்பர் புஷ் சுழல்வதில்லை. உள் ஸ்லீவ், வெளி ஸ்லீவ் என்ற உலோகக் குழாய்கள் இரண்டோடும் ரப்பர் ஒட்டியிருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது அது முறுக்கிக்கொண்டு திரும்பும், அவ்வளவுதான். கிரீஸே வேண்டாம். பாலி, ஸ்லீவின் மேல் சுழல்வது. கிரீஸ் காய்ந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கிறீச் என்று கத்தும். சாலை அதிர்வும் கூடுதலாகக் கைக்கு வரும்.

பழையவண்டி, அந்தப் பட்டறையில் போல்ட்டை எப்படி இறுக்கினார்கள்?

பழையவண்டி:
லிஃப்டில் ஏற்றி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே. பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ரப்பர்தாசன்:
அதுதான் வினை. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்த இடத்தில் பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் நிற்கும்போதே முறுக்கிய நிலை. பள்ளத்தில் இன்னும் முறுக்கும். கிழியாமல் என்ன செய்யும்?

நட்டுபோல்ட்டு:
நான் சொல்வதும் அதேதான்! பாலியில் எந்த உயரத்தில் இறுக்கினாலும் கவலையில்லை. இறுக்குகிறவரின் கவனத்தை நம்பி ஒரு பாகம் வாழ வேண்டுமா?

மூன்றாம்கியர்:
ஒரு சந்தேகம். இந்த வண்டியில் கேம்பர் (சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கோணம்), காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன்பின் சாயும் கோணம்) இரண்டையும் திருத்துவதே கீழ் ஆர்மை மாட்டும் கேம் போல்ட்டில்தான், அதைச் சுற்றினால் ஆர்ம் சற்று நகரும். அலைன்மென்ட் செய்கிறவர் வண்டி தரையில் நிற்கும் உயரத்திலேயே அதைத் தளர்த்தி மறுபடி இறுக்கியிருப்பாரே. முறுக்கு அப்போதே போயிருக்க வேண்டும். அலைன்மென்ட் செய்தீர்களா?

பழையவண்டி:
செய்தேன். ஆனால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் திருத்தினார்கள்.

மூன்றாம்கியர்:
சரிதான். டோ திருத்துவது ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடில். கேம் போல்ட்டில் யாரும் கையே வைக்கவில்லை. ரப்பர் பாவம், அதன் மேல் பழி போடாதீர்கள்.

பழையவண்டி:
அப்படியானால் ரப்பரே போடுகிறேன், தரையில் இறக்கிவிட்டு இறுக்குகிறேன். வண்டி தினமும் ஓடுவது, கிறீச் சத்தம் எனக்கு ஆகாது. இப்போதைய பிரச்சினை வேறு. இடது கேம் போல்ட் ஸ்லீவோடு சேர்ந்தே சுற்றுகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது.

ரப்பர்தாசன்:
துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. ஊடுருவும் எண்ணெய் அடித்து ஒரு இரவு விடுங்கள். ரப்பரைக் கொளுத்தி எடுக்க மட்டும் போகாதீர்கள், அந்தப் புகை நச்சு.

நட்டுபோல்ட்டு:
எண்ணெய்க்கு மசியாவிட்டால் ஸ்லீவின் இரு பக்கமும் போல்ட்டை வெட்டத்தான் வேண்டும், புது கேம் போல்ட்டும் சேர்த்தே வாங்கிவையுங்கள். மாட்டும்போது தண்டில் துருத்தடுப்பு கிரீஸ் தடவுங்கள், போன முறை காய்ந்தபடியே செருகியிருக்கிறார்கள் போல. மற்றபடி, என் வண்டியில் பாலி ஒருநாளும் கத்தியதில்லை.